கறை படாத தொட்டி

ரஞ்சன்காவ் மகாகணபதியைக் கும்பிட வருகிறவர்களின் சுறுசுறுப்பு எனக்கு எந்தக் காலத்திலும் வராது. புனேயிலிருந்து அகில்யாநகர் போகும் நெடுஞ்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டி வருகிறார்கள். அருகம்புல்லும் செம்பருத்தியும் வாங்கிக்கொண்டு வரிசையில் நகர்ந்து, ஒரு நொடி கைகூப்பி, வாசலில் நின்று குடும்பத்தோடு படம் எடுத்துக்கொண்டு, "அடுத்து எங்கே?" என்று கேட்கிறார்கள். அஷ்டவிநாயகர் யாத்திரையில் இது முறைப்படி எட்டாவது தலம். மோர்காவில் தொடங்கி எட்டையும் பார்த்து முடித்தபின் மறுபடி மோர்காவுக்கே போய்க் கும்பிட்டால்தான் யாத்திரை நிறைவு என்பது பழைய வழக்கம். அந்தக் காலத்தில் நடந்தும் மாட்டு வண்டியிலும் போனவர்களுக்கு எத்தனை நாள் பிடித்திருக்கும்! இன்றைக்கு எட்டையும் இரண்டே நாளில் முடித்துத் தரும் பேருந்துகள் இருக்கின்றன. கிழக்குப் பார்த்த இந்தப் பிள்ளையாரின் மேல் தட்சிணாயன காலத்தில்தான் சூரிய ஒளி விழும் என்பார்கள். சூரியன்கூட முறை வரும்வரை காத்திருக்கிற சந்நிதி. நம்மவர்கள் காத்திருப்பதில்லை.

நான் கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் பிறந்தவன். பதினொரு வருஷமாக இங்கே தொழிற்பேட்டையில் வேலை. இந்தப் பேட்டையில் கார் செய்கிறார்கள், குளிர்சாதனப் பெட்டி செய்கிறார்கள். காலை ஷிப்டுக்குப் போகும் பேருந்தில் மராத்தியும் இந்தியும் தமிழும் கலந்துதான் கேட்கும். இந்த மண்ணும் நம் மண் போலவே கறுப்பு. மழை விட்டதும் செருப்பில் அப்பிக்கொண்டு கூடவே வரும் மண். அதனாலோ என்னவோ, இந்த ஊரை எனக்கு முதல் நாளே பிடித்துப்போனது.

போன தை மாதம் சென்னையிலிருந்து அக்காவும் அத்தானும் பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். பெசன்ட் நகரில் கடலுக்கு எதிரே குடியிருக்கிறவர்கள். கோயிலைப் பார்த்து முடித்ததும் அத்தான் கேட்டார்: "ஏன் மாப்ளே, இங்க கடலா இருக்கு, அருவியா இருக்கு? பிள்ளைகளைக் கூட்டிட்டு எங்கதான் போறது?" அவர் கேட்டதில் தப்பில்லை. அடுத்த இரண்டு நாள், ரஞ்சன்காவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய இரண்டு இடங்களுக்கு அவர்களைக் கூட்டிப்போனேன். அங்கே நான் பார்த்ததையெல்லாம் புகழ்ந்து எழுதிவிட வேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

முதலில் நிகோஜ். குக்கடி ஆறு அங்கே இரண்டு மாவட்டத்துக்கு எல்லை. இந்தக் கரை புனே மாவட்டத்து டாக்ளி ஹாஜி, அந்தக் கரை அகில்யாநகர் மாவட்டத்து நிகோஜ். கரையில் மள்கங்கா தேவி கோயில். நடுவில் ஆறு ஓடும் பாறைப் படுகை முழுக்கக் குழிகள். சில குழிகளில் ஒரு குடம் வைக்கலாம், சிலவற்றில் ஒரு யானையே இறங்கிவிடும். ஒன்றோடொன்று உடைந்து சேர்ந்து, வளைந்து நெளிந்து, குயவன் சக்கரத்திலிருந்து எடுத்த பச்சை மண் அப்படியே கல்லானது போல இருக்கும். மராத்தியில் ராஞ்சண் என்றால் வீட்டில் தண்ணீர் ஊற்றி வைக்கும் பெரிய மண்தாழி. இந்தக் குழிகளை ராஞ்சண் களகே என்கிறார்கள். தாழிக் குழிகள் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

சுமார் ஆறரைக் கோடி ஆண்டுக்கு முன்னால் பூமி பிளந்து வழிந்த எரிமலைக் குழம்பு உறைந்த பாறை இது. தக்காணப் பீடபூமியின் ஒரு பெரும்பகுதி இந்தக் கரும்பாறைதான். நம் கரிசல் போல இங்கே கிடக்கிற கறுப்பு மண்ணும் இந்தப் பாறை மக்கி வந்ததுதான். இவ்வளவு இறுகிய கல்லை ஆறு எப்படிக் குடைந்தது? வெள்ளத்தில் உருண்டு வரும் ஒரு கல் சின்னப் பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. தண்ணீர் சுழன்று சுழன்று அந்தக் கல்லை ஆட்டுகிறது. ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவது மாதிரி. கல் தேய்ந்து காணாமல் போனால் அடுத்த வெள்ளம் இன்னொரு கல்லைக் கொண்டுவந்து போடும். பள்ளம் மெல்ல மெல்லக் குழியாகும், குழி தாழியாகும். மனுஷன் கணக்குக்கு எட்டாத காலம் இந்த ஆறு இப்படி மாவாட்டிக்கொண்டிருந்திருக்கிறது. யாரும் பார்க்க வரவில்லை, கை தட்டவில்லை. பொறுமை என்றால் இதுதான் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். அக்காவின் சின்ன மகள் பாறையில் உட்கார்ந்து ஒரு குழியின் உட்சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "மாமா, நம்ம வீட்டு ஆட்டுக்கல்லு மாதிரியே வழவழன்னு இருக்கு" என்றாள்.

அவள் கைவைத்த குழிக்குப் பக்கத்துக் குழியில் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. அதில் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில். மூடி இறுக மூடி, உள்ளே கால்வாசித் தண்ணீரோடு. சுழி அதைப் பிடித்து ஒரு சுற்று விட்டது. சுவரில் 'டொக்' என்று மோதியது. மறுபடி ஒரு சுற்று, மறுபடி 'டொக்'. கால் மணி நேரம் நான் அங்கேயே நின்றேன். ஆற்றுக்கு அதுவும் ஒரு கல்தான். தனக்குத் தெரிந்த ஒரே வேலையை அது செய்கிறது. வரும் எதையும் மறுக்காமல் வாங்கி, சுற்றி, தேய்க்கப் பார்க்கிறது. கருங்கல்லை மாவாக்கிய கை. இந்தப் பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தைக்கூட அதனால் இன்னும் உரிக்க முடியவில்லை. எத்தனையோ ஆயிரம் வருஷ வெள்ளத்தை எதிர்த்து நிற்க எந்தக் கல்லுக்கும் முடியவில்லை. நம் கையிலிருந்து போனதற்கு முடிந்திருக்கிறது. அந்த அளவுக்கு உறுதியான பொருளை ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கச் செய்து, குடித்ததும் கொடுத்துவிடும் பெருந்தன்மை நம் காலத்து மனுஷனுக்கு மட்டும்தான் உண்டு. அங்கே நின்றபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

துணிச்சலையும் சொல்ல வேண்டும். பாசி படிந்த விளிம்பில், கீழே ஆள் மூழ்கும் ஆழத்தில் கறுத்த தண்ணீர் சுழலும் இடத்தில், கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கணவன் மனைவி படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். வேகவைத்த நிலக்கடலை விற்கிற அம்மாள் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு ஓடி வந்து, "சாம்பாளூன் தாதா, சாம்பாளூன்!" என்று கத்தினாள். பார்த்து அண்ணா, பார்த்து என்று அர்த்தம். அவர்கள் சிரித்துக்கொண்டே இன்னொரு படம் எடுத்தார்கள். அவள் அவர்கள் இறங்கும்வரை அங்கேயே நின்றாள். அதற்குள் கூடையில் இரண்டு நாய்கள் வாய் வைத்துவிட்டன. நான் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவள் கத்தியது ஐந்தாறு பேருக்கு. அதில் ஒருவரும் அவளிடம் கடலை வாங்கவில்லை.

கரை ஏறும் இடத்தில் ஒரு குப்பைத்தொட்டி இருந்தது. பச்சை நிறம், மூடியில் கைப்பிடி, பக்கத்தில் மராத்தியில் எழுத்து. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவ்வளவு சுத்தமான பாத்திரத்தை நான் வீட்டுச் சமையலறையில்கூடப் பார்த்ததில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். அடியில் ஒரு பிடி மணலும் ஒரு காய்ந்த ஆலிலையும். விளிம்பில் ஒரு கீறல் இல்லை, ஒரு கறை இல்லை. அதைச் சுற்றி ஒரு கஜத்துக்கு எண்ணிப் பார்த்தேன்: இருபத்துமூன்று சிப்ஸ் உறைகள், ஏழு பாட்டில்கள், காகிதத் தட்டுகள், ஒரு குழந்தையின் இடுப்புத் துணி.

அவ்வையார் தொண்டைமானின் படைக்கொட்டிலுக்குப் போன கதை நமக்குத் தெரியும். அங்கே ஆயுதங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, பளபளவென்று இருந்தன. அதியமானுடைய ஆயுதங்களோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. புறநானூற்றின் தொண்ணூற்றைந்தாம் பாட்டு. அவள் அந்தப் பளபளப்பைப் புகழ்ந்தாள், தொண்டைமானுக்கு விளங்கியது. நிகோஜ் கரையில் அந்தத் தொட்டியைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பாட்டுதான் நினைவுக்கு வந்தது. போருக்கே போகாத வேல் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அந்தத் தொட்டி. அதியமானின் ஆயுதத்தைப் போல அடிபட்டு, நசுங்கி, நாற்றமடித்துக் கிடந்திருந்தால் அதைவிட அழகாக இருந்திருக்கும்.

மறுநாள் மோராச்சி சிஞ்சோளி. மோர் என்றால் மயில். சிஞ்ச் என்றால் புளி. மயிலும் புளியமரமும் பேரிலேயே இருக்கிற ஊர். பேஷ்வா காலத்தில் வைத்த புளியமரங்கள் என்று ஊரார் சொல்கிறார்கள். வயலுக்கும் வீட்டுக்கும் நடுவில் மயில்கள் கோழிபோல நடந்து திரிகிற ஊர் இது. விவசாயிகள் பலர் தங்கள் தோட்டத்திலேயே வருகிறவர்களுக்குச் சாப்பாடு போட்டுத் தங்க இடமும் தருகிறார்கள். பல தலைமுறையாக மயிலுக்குத் தானியம் தூவி, தண்ணீர் வைத்து, கல்லெறியாமல் வளர்ந்த ஜனங்கள். 1963இல் மயிலை தேசியப் பறவையாக அறிவித்தார்கள், 1972இல் அதைக் காக்கச் சட்டமும் வந்தது. இந்த ஊர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை.

இங்கே வருகிற கூட்டத்துக்கு மயில் மேல் உள்ள பிரியத்துக்கு அளவே இல்லை. விடியலிலும் அந்தியிலும்தான் மயில் மேய வெளியே வரும். இவர்கள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வந்து இறங்கினாலும் அதைப் பார்த்தே தீர வேண்டும் என்கிறார்கள். தோகை மழைக்காலம் முடிந்ததும் உதிர்ந்துவிடும், மறுபடி நீளமாக வளர மாதங்கள் ஆகும். இவர்கள் குளிர்காலத்தில் வந்து ஆடச் சொல்கிறார்கள். ஆடாத மயிலுக்கு உற்சாகம் கொடுக்க வேண்டும் என்று ஒரு குழு காரின் பின்கதவைத் திறந்து பாட்டுப் போட்டது. புளியமரத்து இலை அதிர்ந்தது. கொம்பில் அடங்கியிருந்த இரண்டு பெட்டைகள் பறந்துபோய் மூன்று வயல் தள்ளி உட்கார்ந்தன. தோட்டக்காரர் எழுபது வயதுப் பெரியவர், அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விருந்தாளி அல்லவா. என் பக்கம் திரும்பி, "சாயங்காலம் வரும். எங்கே போய்விடும்?" என்றார் இந்தியில். சாயங்காலம் வந்தன. அப்போது பாட்டுக்காரர்கள் புனே நெரிசலில் இருந்திருப்பார்கள்.

இனி சாப்பாடு. தையில் இங்கே ஹுர்டா காலம். சோளக்கதிர் பால் பிடித்து முற்றுவதற்குக் கொஞ்சம் முன்னால் பறித்து, தரையில் குழி வெட்டி வறட்டித் தணலில் புதைத்து வாட்டுவார்கள். நம் பக்கம் கம்பங்கதிரை அனலில் வாட்டி உள்ளங்கையில் கசக்கி ஊதித் தின்கிறோமே, அதே சுகம். வாட்டிய கதிரை ஒரு பாட்டி எடுத்தாள். கை பொறுக்காத சூடு. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டினாள், உமி பறந்தது, பச்சை மணிகள் முத்துப்போல முறத்தில் விழுந்தன. அந்தக் கையை நான் கிட்டத்தில் பார்த்தேன். உள்ளங்கை ரேகை முழுக்க மஞ்சள் பூத்த காய்ப்பு. ரேகை பார்த்து ஜோசியம் சொல்ல முடியாது, அப்படித் தேய்ந்திருந்தது. பூண்டும் நிலக்கடலையும் மிளகாயும் இடித்த பொடி, கட்டி வெல்லம், தயிர். கைநிறைய மணியை வாயில் போட்டுக்கொண்டு அக்கா ஒரு நிமிஷம் கண்ணை மூடினாள். "அம்மா கை வாசம்டா" என்றாள். எங்கள் அம்மா போய் ஆறு வருஷம்.

பிறகு பாக்ரி. உருட்டுக்கட்டை கிடையாது. சோளமாவைப் பிசைந்து உருண்டை பிடித்து, பலகையில் வைத்து உள்ளங்கையால் தட்டித் தட்டியே வட்டமாக்கி, கல்லில் போட்டுத் தண்ணீர் தடவித் திருப்பி, கடைசியில் நேராகத் தணலில் காட்டினால் பூரிபோல உப்பும். அதோடு பித்லா, நம் கடலைமாவுச் சட்னி இருக்கிறதே, அதைக் கெட்டியாகக் கிண்டினால் அதுதான். டேச்சா என்று பச்சைமிளகாயும் பூண்டும் வதக்கி இடித்தது. வெங்காயத்தைக் கத்தியால் வெட்டாமல் கையால் குத்தி உடைத்து வைப்பார்கள்.

இத்தனையும் அடுப்பில் இருக்க, பக்கத்துப் பந்தியில் கோபி மஞ்சூரியன் கேட்டார்கள். பனீர் பட்டர் மசாலா கேட்டார்கள். எங்கள் பிள்ளைகளும் கேட்டார்கள், நான் மறைக்கவில்லை. அத்தான் தன் பங்குக்கு, "இட்லி கிடைக்குமான்னு கேளேன் மாப்ளே" என்றார். அந்த வீட்டு மருமகள், முப்பது வயதுக்குள் இருக்கும், முகம் கோணாமல் கேஸ் அடுப்பைப் பற்றவைத்தாள். மஞ்சூரியன் செய்யக் கற்றுக்கொண்டிருக்கிறாள். வருகிறவர்கள் கேட்கிறார்களே என்று கைப்பேசியில் பார்த்துக் கற்றாளாம். நூறு மைல் தள்ளியிருந்து வருகிறவனுக்கும் அவன் ஊரிலேயே கிடைக்கிற சாப்பாட்டைத் தேடித் தருகிற இந்த விருந்தோம்பலை எங்கே போய்ச் சொல்வது! அவளுடைய மாமியாரின் ஹுர்டா முறம் பாதி நிறைந்தபடி திண்ணையில் ஆறிக்கொண்டிருந்தது. நெடுஞ்சாலை தாபாக்களில் இப்போது சோளபாக்ரியைச் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. மஞ்சூரியன் உடனே வருகிறது. கேட்பவர்கள் கேட்டதைத்தானே சமைப்பவர்கள் சமைப்பார்கள்.

அன்று இரவு வீட்டில் அத்தானிடம் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன். குக்கடி போய் கோட் ஆற்றில் சேர்கிறது. கோட் பீமாவில் சேர்கிறது. பீமா உஜனி அணையைத் தாண்டித் தெற்கே ஓடி, ராய்ச்சூர் பக்கம் கிருஷ்ணாவில் சேர்கிறது. கிருஷ்ணா ஸ்ரீசைலம் அணைக்கு வருகிறது. அங்கிருந்துதான் தெலுங்கு கங்கைக் கால்வாய் புறப்படுகிறது. சோமசிலா, கண்டலேறு, ஊத்துக்கோட்டை, பூண்டி. 1983இல் கையெழுத்தான ஒப்பந்தம், 1996இல் முதன்முதலாகப் பூண்டிக்குத் தண்ணீர் வந்தது. சென்னைக்காக ஆந்திரம், கர்நாடகம், மராட்டியம் மூன்றும் தங்கள் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுக்க ஒத்துக்கொண்டன. வழியில் ஆவியாகிப் போவது போக 12 டி.எம்.சி. வரவேண்டும். ஒவ்வொரு வருஷமும் அவ்வளவும் வந்துவிடுவதில்லை. ஆனாலும் வருகிற தண்ணீரில் மராட்டியத்து மழை இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்து, நிகோஜ் பாறையில் மாவாட்டிவிட்டு, கிழக்கே இறங்கிவரும் மழை.

அத்தான் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "அப்போ நான் வீட்ல குடிக்கிறது..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். அங்கே போட்ட பாட்டில் பெசன்ட் நகர்க் குழாயில் வந்து விழும் என்று நான் சொல்லவில்லை. நடுவில் எத்தனையோ அணை, எத்தனையோ மதகு. தண்ணீர் அந்தத் தண்ணீர்தான் என்று மட்டும் சொன்னேன். ரஞ்சன்காவ் இருக்கிற இந்த ஷிரூர் தாலுகாவில் கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கிற பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஒரு மாநிலம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், பார்த்தே இராத ஒரு கடற்கரைப் பட்டணத்துக்குத் தண்ணீர் விட ஒத்துக்கொண்டிருக்கிறது. நாம் அதற்குத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தது இருபத்துமூன்று சிப்ஸ் உறை.

அவர்கள் ஊருக்குக் கிளம்பிய திங்கட்கிழமை, ரயிலேற்றிவிட்டு வந்து, விடுப்பு மிச்சம் இருந்ததால் நான் மட்டும் மறுபடி நிகோஜுக்குப் போனேன். கூட்டம் இல்லை. நீளமான மூங்கில் கழியின் முனையில் கம்பிக் கொக்கி கட்டி, ஒரு கிழவி குழிகளிலிருந்து பாட்டில்களை ஒவ்வொன்றாக மீன்பிடிப்பது போல இழுத்துக்கொண்டிருந்தாள். கிலோக் கணக்கில் விற்பாளாம். என் பாட்டிலும் அதில் இருந்திருக்கும், அந்த 'டொக்' சத்தம் நின்றுபோயிருந்தது. ஒரு சாக்கு நிரம்பி இரண்டாவது சாக்கு பாதி ஆகியிருந்தது. அந்த ஆற்றைச் சுத்தம் செய்ய அன்றைக்கு வந்திருந்த ஆள் அவள் ஒருத்திதான்.

புனேக்குப் போகிற நம்மவர்கள், அங்கேயே வேலை பார்க்கிற நம் பிள்ளைகள், நிகோஜுக்கும் சிஞ்சோளிக்கும் கட்டாயம் போக வேண்டும். டிசம்பரிலிருந்து பிப்ரவரிக்குள், முடிந்தால் வாரநாளில் போங்கள். மயிலைப் பார்க்க விடியலில் போங்கள், பேசாமல் உட்காருங்கள். ஹுர்டாவும் பாக்ரியும் கேளுங்கள், கேட்டால்தான் அந்த அடுப்பு எரியும். கடலைக்காரி கத்தினால் இறங்கிவிடுங்கள், இறங்கி அவளிடம் ஒரு பொட்டலம் வாங்குங்கள். தண்ணீரை வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். கரை ஏறும் இடத்தில் அந்தப் பச்சைத் தொட்டி இன்னும் புதிதாகவே நின்றால், தயவுசெய்து அதை அழுக்காக்கிவிட்டு வாருங்கள்.